கூலிக்கு ஒரு தூண்டில்காரர்

"மீன் புடிக்கறதுக்கு வழி காட்ட ஒரு ஆளா? அதுக்கு இவ்வளவு காசா?" என்று ஜெகதீஷ் மனைவி கார்த்திகாவிடம் கேட்டிருந்தான். கோவையில், அவர்கள் வீட்டுச் சமையலறையில், கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது.

"தண்ணி தெரிஞ்ச ஆளு வேணாமா? நீங்கபாட்டுக்குப் போயி நின்னா தவளைதான் மாட்டும்."

"தண்ணி தெரிஞ்ச ஆளு உங்க வீட்டுலயே இருக்காரே. எஸ்டேட் குளத்துலயேதான் கெடப்பாருன்னு மச்சானைப் பத்தி நீதானே சொன்னே."

"அண்ணன் இப்ப ஊர்ல இல்ல. லோடு ஏத்திக்கிட்டுக் கேரளாப் பக்கம் போயிருக்கு."

"அப்ப அவரு வந்தப்புறம் போலாம்."

"உங்களுக்கு லீவு கெடைக்கணும்ல."

ஜெகதீஷ் அதற்கு மேல் கேட்கவில்லை. மீன் கிடைக்காவிட்டால் அந்தக் காசுக்கு நீதான் பொறுப்பு என்று சிரித்துவிட்டுப் புதுத் தூண்டிலைத் துடைக்கப் போய்விட்டான். கார்த்திகா கிரைண்டரை நிறுத்தாமல் நின்றாள். மாவு எப்போதோ அரைந்துவிட்டிருந்தது.

இப்போது போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வெட்டிய பழைய குளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பொய்யை எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்பதுதான் அவளை உறுத்தியது. அண்ணன் சின்ராசு எந்த லோடும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சிலமலையில், தன் வீட்டில்தான் இருந்தான். நேற்று மாலை போடிக்குள் நுழைந்து தேவாரம் சாலை பிரியும் இடத்தைக் கார் தாண்டியபோது, அவள் குனிந்து மகள் சுசித்ராவின் செருப்பு வாரைச் சரிசெய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

அண்ணன்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. போய் நின்றால் கேட்க வேண்டியிருக்கும், அதுதான் பயம். சுசித்ராவுக்கு மூன்று வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். இப்போது ஐந்து நடக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடியைக் கொடுக்கிற மாமன் வெறுங்கையோடு வர மாட்டான். தோடு, பட்டுப்பாவாடை, தாம்பாளம் தாம்பாளமாகச் சீர், கிடாவெட்டு என்று ஊர் பார்க்கச் செய்தால்தான் சின்ராசுவுக்கு மனசு ஆறும். ஆனால் குத்தகைக்கு எடுத்த அவனுடைய ஏலச்செடிகள் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் வேரோடு கருகிப் போயின. இப்போது யாருடைய ஏலக்காய் ஸ்டோரிலோ காய் சலிக்கிற வேலைக்குப் போகிறான். கேட்டால் கடன் வாங்கியாவது செய்வான். அதனால் அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகப் போனைக் குறைத்தாள். பொங்கலுக்கு வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. மாமியாரோ, நகைக்கடையிலேயே மெஷினில் குத்திவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 'சீரெல்லாம் ஒண்ணும் வேணாம்ணே, நீ மட்டும் வந்து உக்காந்தாப் போதும்' என்ற வாக்கியத்தைக் கார்த்திகா பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அண்ணனின் முகம் எப்படிப் போகும் என்பதும் கூடவே தெரிந்தது.

வழிகாட்டியாக வந்த பால்பாண்டி, மற்ற நாட்களில் குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவன். தோட்டத்து மேனேஜரைத் தெரியும் என்பதால் இந்தக் குளத்தில் ஆள் கூட்டிவந்து தூண்டில் போட அவனுக்கு அனுமதி உண்டு. வந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. மேகம் மூடினால் மீன் மேலே வரும் என்றான். மூடியது, வரவில்லை. வெயில் வந்தால் வரும் என்றான். அதுவும் வந்து போனது. கடைசியில், மீன் வரும் என்று தான் ரசீதா போட்டுக் கொடுத்தேன் என்று கேட்டான். கொடுத்த காசு தண்ணீரில்தான் என்று ஜெகதீஷ் சொல்ல, பின்னே மீன் எங்கே இருக்கும் சார் என்று பால்பாண்டி சொன்னான். இருவரும் சிரித்தார்கள். சுசித்ரா ஓரடி தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தால்கூடப் பால்பாண்டி பேச்சை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக் கரைமேல் விட்டான். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும்.

மண்புழு தீர்ந்ததும் பையிலிருந்து ஒரு சம்புடத்தை எடுத்துத் திறந்தான். உள்ளே வாழை இலையில் சுற்றிய மாவு உருண்டை.

"அம்மா, பாயசம்" என்றாள் சுசித்ரா.

கார்த்திகாவுக்கும் மணம் வந்துவிட்டது. கோதுமை மாவும் வெல்லமும். அவற்றுக்கு மேலே ஏலக்காய். இந்த மலையில் ஏலக்காய் மணக்காத இடம் கிடையாது. ஆனாலும் மீனுக்குப் போடுகிற மாவில் ஏலக்காய்த் தூசியைச் சலித்துக் கலக்கிற ஆளை அவள் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறாள். 'மீனும் நம்மூரு மீனுதான ஆத்தா, அதுக்கு மட்டும் மணம் தெரியாதா' என்று சொல்லிக்கொண்டே பிசைவான்.

"இத யாரு பெசஞ்சது?" என்று கேட்டாள்.

கடையில் வாங்கியது என்றான் பால்பாண்டி. எந்தக் கடை என்றாள். அவன் தூண்டில் முள்ளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"சொல்லக் கூடாதுன்னுச்சுக்கா, அண்ணன். சார் போன்ல பேசுறப்ப எம்பொண்டாட்டி சிலமலைன்னாரு. யாருன்னு விசாரிச்சேன். சின்ராசு அண்ணன் தங்கச்சின்னாங்க. அது வீட்டு மாப்ளைய நான் காசு வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போனா நாளப்பின்ன அது மொகத்துல முழிக்க வேணாமா? அதான் நேர்லயே போயிக் கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"கூட்டிட்டுப் போடான்னுச்சு. நல்ல எடமாக் காட்டு, பாப்பாவத் தண்ணிப் பக்கம் விடாதன்னுச்சு. நீங்களே வாங்களேண்ணேன்னேன். 'என்னைய அவ கேக்கலயேடா, கேக்காம எப்பிடி வர்றது'ன்னுச்சு. காலையில நான் கெளம்புறப்ப மாவக் கொண்டாந்து குடுத்துட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு வெரசாப் போயிருச்சு."

ஜெகதீஷ் தூண்டிலைப் பிடித்தபடியே திரும்பி அவளைப் பார்த்தான். மச்சான் கேரளாவில் என்று சொன்னாயே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் தள்ளி நின்றாள். அங்கே அவனோ, தங்கைக்கு நாம் வேண்டாதவனாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் புருஷனுக்கு மீன் கிடைக்கட்டும் என்று விடியலில் எழுந்து மாவு பிசைந்திருக்கிறான்.

அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். சீர், கருகிய செடி, நகைக்கடை மெஷின், எல்லாம். பால்பாண்டி நல்லவனாகக் கொஞ்சம் தள்ளிப் போய்க் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அதற்கு நடுவில் தூண்டில் கம்பு வளைந்தது. ஜெகதீஷ் யோசனை இல்லாமலே சுற்றினான். ஒரு கெண்டை, முழங்கை நீளத்துக்கு. அதைப் பார்த்துச் சுசித்ரா மட்டும்தான் கைதட்டினாள்.

"மீன் கெடைச்சிருச்சு. காசுக்கு நீ பொறுப்பில்ல" என்றான் ஜெகதீஷ், அவளைப் பார்க்காமல். "மத்ததுக்கெல்லாம் நீதான். கெளம்பு."

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மீன் வாளியில் அவ்வப்போது துள்ளியது. சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வீட்டில் போய் நிற்பதைவிடப் போன் செய்துவிட்டுப் போகலாமா என்று கார்த்திகா நினைத்தாள். போனைக் கையில் எடுத்தாள். இத்தனை நாள் அதை எடுக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. பைக்குள் போட்டாள்.

சிலமலையில் வாசலில் காரைப் பார்த்ததும் மதினி கற்பகம் கையில் அரிவாள்மனையோடு வெளியே வந்தாள். ஒரு கணம் நின்று, அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டுச் சுசித்ராவைத் தூக்கிக்கொண்டாள். பிறகுதான் கார்த்திகாவிடம் பேச்சு வந்தது.

"வழி தெரிஞ்சுச்சா? இல்ல, அதுக்கும் காசு குடுத்து ஆளு வெச்சு வந்தியா?"

கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பால்பாண்டிக்குக் கொடுத்த காசுக்குப் போடிச் சந்தையில் ஒரு வாரத்துக்கு மீன் வாங்கியிருக்கலாமே என்று மதினி தொடர்ந்தாள். பேசிக்கொண்டே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண் கலங்கியதை மறைக்க வாளியில் எட்டிப் பார்த்தாள்.

சின்ராசு வேலை முடிந்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினான். சட்டையெல்லாம் பச்சைத் தூசி. தங்கையைப் பார்த்தான், வா என்று தலையசைத்தான். அவ்வளவுதான். பிறகு ஜெகதீஷிடம் போய், "மீனு பட்டுச்சா மாப்ளே?" என்று கேட்டான்.

"ஒண்ணு. உங்க மாவுலதான் மச்சான்."

"அந்தப் பய சொல்லிட்டானா" என்றான் சின்ராசு. கோபப்பட முயன்றான், வரவில்லை. வாளியைப் பார்த்து, குழம்புக்கு ஆகும் என்றான்.

கொல்லையில் ஒரு கிடா கட்டியிருந்தது. கறுப்பு, நன்றாகத் தின்று கொழுத்தது. சுசித்ரா மதினியின் இடுப்பிலிருந்து இறங்கி ஓடி, கொஞ்சம் தள்ளி நின்று, இது யாருடையது என்று கேட்டாள்.

"ஒன்னோடதுதான் ஆத்தா" என்றான் சின்ராசு.

கற்பகம் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் குத்தகைப் பாக்கிக்கும் இதை விற்கச் சொல்லி அவள் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாள் என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது. அண்ணன் சொன்ன பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதும் தெரிந்தது. கார்த்திகா தள்ளி நின்றதால் எந்தச் செலவும் மிச்சமாகவில்லை. அண்ணன் மட்டும் இந்தக் கிடாவை வைத்துக்கொண்டு, கேட்கட்டும், கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

சின்ராசு கைகால் கழுவிவிட்டு வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்தான். சுசித்ரா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடாவையே பார்த்தாள். அவன் அவளைத் தொடவில்லை, கை ஈரமாக இருக்கிறது என்பதைப் போல அதைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கார்த்திகா அவனுக்கு எதிரில் போய் நின்றாள். 'சீரெல்லாம் ஒண்ணும் வேணாம்ணே' என்றுதான் அந்த வாக்கியம் தொடங்கும். அதை விட்டுவிட்டாள்.

"அண்ணே," என்றாள், "பாப்பாவுக்குக் காது குத்தணும். ஒன் மடியில வெச்சுக் குத்தணும்."