விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

பூமி நாற்பது விநாடி குலுங்கியதில் ஊரிலிருந்த கண்ணாடியெல்லாம் நொறுங்கிப் போக, கண்ணாடிக்காரரின் கடையில் மட்டும் பாதிக்கு மேல் தப்பித்தது. அதற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை. வந்த சரக்கைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, ஒரு மாதமாக வைக்கோலோடு பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தார்.

"சோம்பேறித்தனத்துக்கும் ஒரு காலம் வரும்னு அப்பவே சொன்னேன்ல?" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். அப்போது அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

படங்களுக்குச் சட்டம் போடுவது அவருடைய தொழில். நடுக்கத்துக்குப் பிறகு அது ஓஹோவென்று நடந்தது. செத்துப் போனவர்கள் அத்தனை பேரும் சட்டத்துக்குள் வந்தாக வேண்டுமே. அதைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கை பேசியதில்லை.

மூன்றாம் வாரம் என்ஜினியர் வந்தார். விரல் அகலம், சாண் நீளத்தில் மெல்லிய கண்ணாடிப் பட்டைகள் வேண்டும் என்றார். சுவரில் விரிசல் விட்ட இடத்தில் குறுக்கே ஒரு பட்டையை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டிவிடுவார்கள். விரிசல் இன்னும் விரிந்தால் பட்டை உடையும்.

"சுவரும் ஏமாத்தும், வீட்டுக்காரரும் ஏமாத்துவாரு. இதுக்கு ஏமாத்தத் தெரியாது," என்று பட்டையைத் தட்டிக் காட்டினார் என்ஜினியர்.

ஒவ்வொரு பட்டையிலும் நீல மையால் தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டார். முப்பது நாள் உடையாமல் இருந்தால் வாசலில் பச்சைத் தாள் ஒட்டுவார்கள், குடியிருக்கலாம். உடைந்தால் சிவப்புத் தாள். வீட்டை இடித்துவிட்டு மைதானத்துக் கூடாரத்துக்குப் போக வேண்டியதுதான்.

ஐந்தாம் நாளே ஒரு பின்னதிர்வு வந்தது. பத்து நிமிஷத்தில் தையல்காரர் கைக்குட்டையில் இரண்டு துண்டுகளை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, இது தானா உடைஞ்சிருச்சு."

"தானா உடையறதுக்குத்தானேய்யா ஒட்டியிருக்காங்க."

"அஞ்சு பேரு கூடாரத்துல எப்படிண்ணே? மிஷினை எங்க போடுவேன்? ஒண்ணே ஒண்ணுண்ணே."

கண்ணாடிக்காரருக்கு மனசு இளகிவிட்டது. அவருடைய மனசு அதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு பட்டை அறுத்து, தேதியையும் கையெழுத்தையும் அவரே போட்டுக் கொடுத்தார். மையில் விழுந்த புழு தப்பித்து ஓடியதுபோல இருக்கும் என்ஜினியரின் கையெழுத்து. பத்தாவது பட்டை போடும்போது எது அசல், எது தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. அதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை.

பிறகு தெருவே வந்தது. "எங்க சுவர் நல்ல சுவர்தான், உங்க கண்ணாடிதான் சரியில்ல," என்று சண்டை போட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு.

அவருடைய அக்காவும் வந்தாள். நான்கு வீடு தள்ளி, காலமான புருஷன் கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். எதிலும் இரண்டு இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வீட்டில் குடை இரண்டு, டார்ச் லைட் இரண்டு, மெழுகுவர்த்தி பத்து வருஷத்துக்கு. ஒவ்வொரு பின்னதிர்வுக்கும் மறுநாள் வந்து, "ஒண்ணு குடுடா," என்பாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. நான்கு தடவை.

மற்றவர்கள் வாங்கியது ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. நான்கு தடவை உடைந்ததென்றால் அந்தச் சுவர் இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. மற்றவர்களாவது ஓடிவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அக்காவுக்கு முழங்கால் வலி. கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே மூன்று 'அம்மாடி' வேண்டும். கட்டிலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

"என்கூட வந்துடேன்க்கா."

"உன் கடையில எங்கடா படுக்கறது? அத்தனை படத்துக்கு நடுவுல என்னையும் சட்டம் போட்டு மாட்டிடுவியா?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "மாமா கட்டின வீடுடா. கலவையில ஒரு கரண்டி குறைச்சிருப்பாரா அந்த மனுஷன்?" என்றாள்.

முப்பதாம் நாள் காலை. அக்கா தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். வீட்டின் இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. சட்டத்துக்கு ஆணி அடிக்கும் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பட்டையில் ஒரே தட்டு. 'டிக்' என்றது. அக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணில் நீர்கூட வந்தது.

அவர் சுத்தியலைப் பைக்குள் போடுவதற்கும், என்ஜினியரும் அக்காவும் வாசலில் வருவதற்கும் சரியாக இருந்தது.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் அக்கா.

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தார். தெருவில் நாற்பத்தொரு வீட்டுக்குப் பச்சை, ஒரு வீட்டுக்குச் சிவப்பு.

மறுநாள் சாமான் கட்டும்போது, மெழுகுவர்த்திகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே பழைய பேப்பரில் தனித்தனியாகச் சுற்றிய நான்கு பட்டைகள். ஒன்றிலும் கீறல்கூட இல்லை.

"உடைஞ்சா வேணுமேன்னு வாங்கி வச்சேன்," என்றாள் அக்கா. "கடைசி வரைக்கும் தேவையே படலடா. அன்னிக்கு ஒரு நாள்தான்."

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காராமல் ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ஜினியரின் அலுவலகம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கண்ணாடிக்காரர் போய், குட்டைப் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். தான் உடைத்ததையும் சொன்னார், தெருவுக்கே அறுத்துக் கொடுத்ததையும் சொன்னார்.

என்ஜினியர் பேனாவை மூடி வைத்தார். "உங்க அக்கா வீட்டைப் பச்சையாக்கணும்னா மிச்ச நாற்பத்தொண்ணையும் சிவப்பாக்கணும். சரியா?"

"ஆமா சார். அதுவும் பண்ணித்தான் ஆகணும். ஆளுங்க இருக்காங்களே உள்ள."

"மழைக்குள்ள கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு. நேத்தே எழுதி அனுப்பியாச்சு, நாற்பத்தொண்ணு பச்சைன்னு. பாராட்டுகூட வந்துச்சு." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க இங்க வரல. நான் எதையும் கேக்கல. எந்திரிச்சுப் போங்க அண்ணே."

தெருவுக்கு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். "அக்காவுக்குக் கிடைக்கலைன்னு எங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்கண்ணே," என்றார் தையல்காரர். அதற்கு மேல் யாரும் கதவைத் திறக்கவில்லை.

அக்கா வீட்டை இடிக்க இயந்திரம் வந்தது. அரை நாள் வேலை என்றார்கள், இரண்டு நாள் ஆயிற்று. விரிசல் விட்ட அந்தச் சுவர்தான் கடைசிவரை நின்றது. இரண்டாம் நாள் மத்தியானம் லேசாக ஒரு பின்னதிர்வு வந்தபோது பச்சைத் தாள் வீடுகளிலிருந்து எல்லாரும் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். பாதி இடித்த சுவர் அசையவில்லை.

இயந்திரக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "யாருப்பா கட்டினது இதை?"

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் அக்கா, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி. கேட்டதற்காக அவருக்கு நன்றியும் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் அவளைக் கூடாரத்துக்கு விடாமல் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குக் கூட்டி வந்தார். வந்த அன்றே சுவரில் ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து, டப்பாவிலிருந்து ஒரு பட்டையை எடுத்துத் தன் கையாலேயே ஒட்டினாள். தினமும் எழுந்ததும் அதைத் தடவிப் பார்ப்பாள். தம்பியிடம் சாப்பிடக் கூப்பிட ஒரு வார்த்தை, விளக்கை அணைக்க ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, ஒரு படத்துக்கு ஆணி அடிக்க உட்கார்ந்தவர் மேஜையெல்லாம் துழாவினார்.

"அக்கா, என் சின்னச் சுத்தியலைப் பார்த்தியா?"

"எங்கிட்டதான் இருக்கு," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "ஆணி அடிக்கணும்னா படத்தை இங்க கொண்டு வா. நான் பக்கத்துல இருக்கறப்ப அடி."

அவர் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.