ஒரு கோப்பு தவிர்க்கப்பட்டது

எல்லோருடைய கோப்புகளும் இருந்த பொது வட்டு செத்துப்போன மறுநாளும் குடிநீர் அலுவலக மாடியில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இருக்கிறான், அவனிடம் டேப் இருக்கிறது. தினமும் கிளம்பும் நேரத்தில் உள்ளங்கை அகல டேப் ஒன்றை இயந்திரத்தில் செருகிவிட்டு அவன் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆளில்லாத நேரத்தில் அது எல்லாக் கோப்புகளையும் எழுதிக்கொள்ளும். எழுதி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்து, வட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். காலையில் திரையில் 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்று வந்திருக்கும்.

புது வட்டைப் பொருத்தி, டேப்பிலிருந்து கோப்புகளை இறக்கி முடித்தான். புகார்ப் பிரிவில் இருப்பவருக்கு 'ரேடியோ' என்று பெயர், வாய் ஓயாது. அவர் தன் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இது, ஒரு புகார்கூட தொலையலையே! பத்து மனுவையாவது முழுங்கிட்டு வந்திருக்கக் கூடாதா உன் டேப்பு?"

அவன் சிரிக்கவில்லை. ஜன்னலோர மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது வரைபட அக்காவின் மேசை. மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எப்படிப் போகிறது, எந்த வால்வு யார் வீட்டு வாசலில் புதைந்து கிடக்கிறது என்பதைத் தெருத்தெருவாக நடந்து, மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்து வரைகிறவர் அவர். மொத்த ஊருக்கும் ஒரே வரைபடம், ஒரே கோப்பு. இப்போது அது கோடு கோடாகத் திரையில் விரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, இங்க கொஞ்சம் வாயேன். மேட்டுத் தெருவெல்லாம் காணோம். இன்னும் இறங்கிட்டு இருக்கா?"

இறங்கி முடிந்துவிட்டது. அவனுக்குத் தெரியும். கடைசியாக எழுதிய டேப்பில் அந்தக் கோப்பே இல்லை. அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் செருகித் தேடியதில், மாதக் கடைசியில் எடுத்து வைத்த ஒரு டேப்பில் மட்டும் கிடைத்தது. அக்காவின் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, அக்கா விடுப்பில் இருந்த சமயத்து டேப். அக்காவின் கணினி அணைந்திருந்தது அப்போதுதான். மேட்டுத் தெருவை அவர் வரைந்தது அதற்குப் பிறகு.

திறந்திருக்கும் கோப்பை டேப் இயந்திரம் படிக்காது. ஆரம்பத்தில், அப்படி ஒன்று குறுக்கிட்டால் நின்றுகொண்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டது. பதில் சொல்ல ஆளில்லாமல் விடிய விடிய கேட்டுக்கொண்டே நின்றது. மறுநாள் பார்த்தால் டேப்பில் ஒன்றும் ஏறவில்லை. அதனால் அவன் ஒரு கட்டத்தில் டிக் போட்டான்: திறந்திருந்தால் விட்டுவிட்டு மேலே போ. அன்றிலிருந்து எல்லாம் சரியாக நடந்தது. ஒப்பிடுவதும் நடந்தது. ஆனால் எழுதியதைத்தான் ஒப்பிட முடியும்; எழுதாததில் வித்தியாசம் வராது. 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: 'ஒரு கோப்பு தவிர்க்கப்பட்டது.'

எந்தக் கோப்பு என்று முதலிலேயே பார்த்துவிட்டான். சாயங்காலம் மூடிவிட்டுப் போங்கள் என்று அக்காவிடம் சொல்லவும் செய்தான்.

"இதைத் திரும்பத் தொறக்கறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டே வந்துடலாம் தம்பி" என்று அவர் சிரித்தார். அவனும் சிரித்தான். பொதுவாக எல்லோருக்கும் சேர்த்து மாடிப்படியருகே ஒரு சுற்றறிக்கை ஒட்டினான். அதற்குமேல் அக்காவிடம் அதிகாரி மாதிரிப் பேச அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். செய்யவில்லை. வட்டு நின்றபோதுகூட வரைபடம் அவர் கணினியில் திறந்துதான் இருந்தது. எல்லோரும் அணைத்துப் போடுங்கள் என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தியவன் அவன்தான். அதோடு அந்த ஒரு பிரதியும் போனது.

செய்தி கேட்டுப் பொறியாளர் வந்தார். மேட்டுப் பகுதியில் பழைய குழாய்களைத் தோண்டி எடுக்கும் வேலை தொடங்கவிருந்தது. அதற்கு இந்த வரைபடம்தான் வேண்டும்.

"ஏம்மா, ஃபைல மூடிட்டுப் போகணும்னு படிக்கட்டுல ஒட்டியிருக்கே. கண்ணுல படலையா?"

"பட்டுது சார்."

"அப்புறம்? இனிமே இத வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடறேன். நீங்க ரேடியோவோட உக்காந்து புகார் எழுதுங்க."

அக்காவின் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. "என் தப்புதான் சார். தம்பி அப்பவே சொன்னான். நான்தான் காதுல வாங்கல."

அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சுற்றறிக்கை இருக்கிறது, அதில் அவன் கையெழுத்து இருக்கிறது. அக்காவே சாட்சியும் சொல்லிவிட்டார்.

"சார்" என்றான். "அவங்க தப்பு இல்ல. இந்த ஃபைல் ஏறலன்னு தினமும் காலைல எனக்கு மெசேஜ் வந்துச்சு. நான் ஓகே அழுத்திக்கிட்டே இருந்தேன்."

"தினமுமா?"

"அக்கா லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து, தினமும்."

பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அவங்களே வரையட்டும். கூட நீ போய் மூடி தூக்கு. டேப்பு கீப்பெல்லாம் வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"தினமும் காலைல இங்க வந்து என்கூட டீ குடிப்பியே. மெசேஜப் பாத்துட்டு வந்து குடிச்சியா, குடிச்சிட்டுப் போய்ப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தான்க்கா வந்தேன்."

"ம்" என்றார்.

மேட்டுத் தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. இரும்புக் கொக்கியை மாட்டி மூடியைத் தூக்கியபோது அவன் இடுப்பு விண்ணென்று தெறித்தது. அக்கா சுவரிலிருந்து அளந்து, குழிக்குள் எட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டார். எல்லாம் அவர் ஏற்கெனவே பார்த்த குழிகள். ஒரு வீட்டு நாய் அவரை அடையாளம் கண்டு வாலாட்டியது. அதனிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினார். பிறகு அவனிடம், "அடுத்த மூடி சார்" என்றார்.

"சார்னு கூப்பிடாதீங்கக்கா."

"கேட்டுக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க. மேல கல்லு கிடக்கும். தள்ளிட்டுத் தூக்குங்க."

சாயங்காலம் அவன் டேப்பைச் செருகிக்கொண்டிருந்தபோது கைப்பையைத் தோளில் மாட்டியபடி அக்கா அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஃபைல மூடிட்டேன் சார்."

காலையில் திரையில் 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவன் அதற்கு ஓகே அழுத்தவில்லை. டேப்பிலிருந்து வரைபடத்தைத் தனியாக இறக்கி, திறந்து, கோடுகள் விரிந்து முடியும்வரை காத்திருந்தான். நேற்றுத் தூக்கிய மூடிகள் எல்லாம் இருந்தன. மாடியில் டீ வந்துவிட்ட சத்தம் கேட்டது. பழக்கத்தில் எழுந்து கதவுவரை போனவன், ஜன்னலோரம் ஒரே ஒரு டீ டம்ளர் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.