கழித்துப்போட்ட தகடு

எங்கள் பெரியண்ணன் எடுத்த தகடு ஒன்றுகூட வீணாய்ப் போனதில்லை. சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதை நான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தகடு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்காக நான் சொல்லாமல் விட்டதில்லை.

அண்ணன் மலைமேல் இருந்த வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். தொலைநோக்கியில் கண்ணாடித் தகட்டைப் பொருத்தி, மணிக்கணக்கில் திறந்து வைத்து, நட்சத்திரங்களைப் படம் பிடிப்பார். வானம் நகரும், தொலைநோக்கியையும் ஒரு மோட்டார் கூடவே நகர்த்தும். ஆனால் மோட்டாரை நம்பி உட்கார முடியாது. பக்கத்தில் பொருத்திய சிறு தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் நிறுத்தி, அது கொஞ்சம் விலகினாலும் பொத்தானை அழுத்தி இழுத்துப் பிடிக்க வேண்டும். கடுங்குளிரில், இமை கொட்டவும் யோசித்துக்கொண்டு செய்கிற வேலை.

அந்தத் தகடுகளையெல்லாம் இப்போது படியெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வானாய்வகத்திலிருந்து ஓர் அம்மாள் போனில் பேசினார். அந்தக் காலத்தில் படமெடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைக்கப் போகிறார்களாம். அண்ணனுடைய இளவயதுப் படம் ஒன்று வேண்டும், அவருடைய தகடுகளில் சிலவற்றையும் நீங்களே தேர்ந்து குறிப்போடு இணையத்தில் அனுப்புங்கள் என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது. வீட்டில் ஒருவருக்காவது உரிய மரியாதை வந்து சேர்கிறதே என்றிருந்தது.

படம் ஒன்றுதான் இருக்கிறது. வானாய்வகத்தின் வட்டக் கூரையடியில், காது மூடிய கம்பளித் தொப்பியோடு அண்ணன் சிரிக்கிற படம். அது என் தங்கையிடம் இருக்கிறது. தங்கை தர மாட்டேன் என்றுவிட்டாள்.

"அப்பா செத்ததுக்கு வராத மனுஷனுக்குப் படம் ஒரு கேடா?" என்றாள்.

அப்பா இறந்தது விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு. வானாய்வகத்துக்குப் போன் செய்தவன் நான்தான். காவலாளி எடுத்தான், மேலே ஏறிப் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்து, "சொல்லிட்டேன் சார்" என்றான். அங்கே ஜீப் இருந்தது. உடனே இறங்கியிருந்தால் காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கலாம். அண்ணன் வந்தது மாலையில், எல்லாம் முடிந்த பிறகு. வாசலிலேயே தங்கை கேட்டாள்: "என்ன, படம் புடிச்சு முடிச்சாச்சா?" அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு, "முடிச்சிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தங்கைதான் ஒரு காலத்தில் அவருக்குக் காவல். அவர் விடுமுறைக்கு வந்தால் பகலெல்லாம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். இவள் வாசற்படியில் குச்சியோடு உட்கார்ந்து, தெருவில் கூவி விற்க வருபவர்களை விரட்டுவாள். "சத்தம் போடாதீங்க, ஆந்தை தூங்குது!" என்று இவள் போடுகிற சத்தத்தில்தான் அவர் எழுந்துகொள்வார். படம் கழுவும் மருந்து பட்டுப் பழுப்பேறிய விரல்களால் இவள் மூக்கைத் திருகுவார். இவள் அந்த விரல்களை முகர்ந்து பார்த்து, "மலை வாசனை" என்பாள். வெறும் ரசாயன நெடிதான். இருந்தாலும் இன்று நினைத்தால் எனக்கும் அது மலை வாசனையாகத்தான் இருக்கிறது.

"அன்னைக்கு அவர் விட்டுட்டு வர முடியாத வேலையில இருந்தார். நான் காட்டறேன், நீ வா" என்றேன்.

"காட்டு, பாக்கறேன்" என்று வந்தாள். வந்தவள் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கணினியின் முன் என் மருமகள் உட்கார்ந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. வானத்தில் எந்த இடம், எந்தத் தொலைநோக்கி, யார் எடுத்தது, எந்தத் தேதி என்று கட்டம் கட்டமாகக் கேட்டது. அண்ணன் பெயரைப் போட்டதும் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குட்டிப் படம்: வெளுத்த பின்னணியில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். தகட்டில் வானம் வெளுப்பாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும்தான் விழும்.

"பாத்தியா? எல்லாம் நம்ம பெரியண்ணன் கை" என்றேன்.

"தேதியைப் போடச் சொல்லு சின்னண்ணா."

அப்பா இறந்த தேதியை மருமகள் போட்டாள். 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. மறுபடி போட்டாள். அதுவேதான் வந்தது.

தங்கை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் திட்டியிருப்பேன். "அப்போ வேலையே இல்ல. சும்மா உக்காந்திருக்கான். அப்பவும் வரல. போதுமா? இதைக் காட்டத்தான் என்னை வெயில்ல இழுத்தடிச்சியா?" என்று எழுந்துவிட்டாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள் மருமகள்.

"உக்காந்து என்ன ஆகப்போகுது?" என்று என்னைக் கைகாட்டினாள். " உங்க மாமா ரயில்வேயில இருந்தவர். ராத்திரி பன்னெண்டு அடிச்சா அவருக்குத் தேதியைக் கிழிச்சாகணும். அவரு தேதி தப்பாச் சொல்ல மாட்டாரு."

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதில்தான் பொறி தட்டியது.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நாளில் எனக்கும் அண்ணனுக்கும் காலைச் சாப்பாட்டில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. "விடிஞ்சாத்தான்டா மறுநாள். நடுராத்திரியில தேதியை மாத்தினா ஒரே தகட்டுக்கு ரெண்டு தேதி வந்துடும். எங்க மலையில சாயங்காலத் தேதிதான் விடியிறவரைக்கும்" என்பார் அவர். "என் ஸ்டேஷன்ல அப்படி எழுதினா வண்டியும் வண்டியும் முத்தம் குடுத்துக்கும்" என்பேன் நான். அப்பா முகத்தில் சவர நுரையோடு கண்ணாடியிலிருந்து திரும்பி, "ரெண்டு பேரும் சாப்பிடுங்கடா, எந்தத் தேதியா இருந்தாலும் ஆறிப்போகும்" என்பார்.

"ஒரு நாள் முன்னாடி போடும்மா" என்றேன் மருமகளிடம்.

வந்தது. அந்த இரவில் இரண்டு தகடுகள். முதல் தகடு சுத்தம். இரண்டாவதன் எதிரே, 'கழிக்கப்பட்டது' என்று இருந்தது.

என் காது சூடேறியது. "இது அவரோடது இல்ல. பாரு, வேற யாராவது இருக்கும்" என்றேன். அண்ணன் பெயர்தான் இருந்தது. மருமகள் அதைத் திறந்து பெரிதாக்கினாள்.

புள்ளியே இல்லை. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு நெளிந்த கோடாக இழுபட்டிருந்தது. எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி நெளிந்திருந்தன. தகடு முழுக்க ஒரே நடுக்கம். ஓர் ஓரத்தில் சாம்பல் படிந்தாற்போல் கறுத்திருந்தது.

"இது என்ன, புழு மேயுற மாதிரி?" என்றாள் தங்கை.

"எக்ஸ்ரே எடுக்கும்போது ஆள் அசைஞ்சா இப்படித்தான் அத்தை வரும்" என்றாள் மருமகள். "ஆனா இங்க பாருங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் ஆரம்பத்துல ஒரு நல்ல கறுப்புப் புள்ளி இருக்கு. கொஞ்ச நேரம் ஒழுங்கா இருந்திருக்கு. அப்புறம்தான் இழுத்திருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேன். "அந்தப் புள்ளி அவர் கண்ணு வச்சுப் பாத்துக்கிட்டிருந்த நேரம். அதோட காவலாளி மேல வந்திருக்கான். அப்புறம் அவர் குழாய்ல கண்ணு வைக்கல. பொத்தானைத் தொடல."

"மூடிட்டு எழுந்து வந்திருக்கலாம்ல?"

"மூடவும் இல்லையே." தகட்டைத் திறந்த நேரமும் மூடிய நேரமும் பக்கத்தில் இருந்தன. மூடியது விடியத் தொடங்கிய பிறகு. ஓரத்துக் கறுப்பு, விடியலின் முதல் வெளிச்சம் பட்டது. தகட்டின் மேல் தூசி விழுந்தாலே துடித்துப்போகிற மனிதர், விடியும்வரை அதைத் திறந்து போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். காலை ரயில் போகிற சத்தம் மலைமேல் கேட்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுகூட அவரை எழுப்பவில்லை.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பை மடியிலிருந்து சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. "முடிச்சிட்டேன்னு சொன்னாரே" என்றாள்.

"நீ கேட்ட கேள்விக்கு வேற என்ன சொல்லுவார்? நம்ம வீட்டுல யார் அழுதுக்கிட்டு வாசல்ல நின்னிருக்கோம்?"

அவள் படத்தைத் தருகிறேன் என்றாள். எனக்கு நிம்மதியாயிற்று. மருமகளிடம், "நல்லதாப் பாத்து நாலு தகடு எடும்மா, பக்கத்துல போடறதுக்கு" என்றேன்.

"இதையும் போடணும்" என்றாள் தங்கை.

"எதை? கழிச்சுப் போட்டதையா? ஊரே பாக்கிற இடத்துல, அவருக்கு வேலை தெரியலன்னு நாமளே எழுதி ஒட்டணுமா?"

"இதைப் போடலன்னா படம் இல்ல."

"மானத்தோட வாழ்ந்த மனுஷன். நீ புரியாம பேசாதே."

"மானம் மானம்னு மூணு பேரும் இருந்துதான் இத்தனை வருஷம் போச்சு, சின்னண்ணா. அந்த நல்ல தகடெல்லாம் மலைமேல இருக்கிறவங்களுக்கு. அப்பாவுக்காக அவர் எடுத்தது இது ஒண்ணுதான்."

உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது இருவரும் திரையில் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழே ஒரு வரி எழுதணும் மாமா. என்ன போடட்டும்?" என்றாள் மருமகள்.

அரைகுறையாக எழுத விட முடியாது. யோசித்துச் சொன்னேன்: "தந்தை இறந்த செய்தி வந்த இரவில் எடுத்தது."

"தகவல் தந்தவர்னு ஒரு கட்டம் இருக்கே. உங்க பேரா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். குடும்பத்தில் மூத்தவன் இப்போது நான்தான்.

"என் பேரைப் போடு" என்றாள் தங்கை. "தங்கச்சின்னு போடு."

நான் என் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அவள் திரைக்குப் பக்கத்தில் வர இடம் விட்டேன்.