ஏழடி வாசல்

சவ வண்டிக்காரர் இறங்கி, வாசலின் இரண்டு தூண்களுக்கும் நடுவே டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏழடிதான் இருக்கு. உரசாம உள்ள வராதுங்க. இருநூறு வருஷத்துக் கல்லு, கீறல் விழுந்தா என் தலைதான் உருளும். பெட்டிய இங்க தூக்கிட்டு வந்துடலாம்."

அவிஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸும் இதே இடத்தில்தான் நின்றது. எஸ்டேட் மதிலுக்குள் இருக்கும் ஆறு வேலையாள் வீடுகளுக்கும் இந்த ஒரே வழிதான். பெரிய வாசல் மாளிகைக்காரர்களுக்கு மட்டும். ஸ்ட்ரெச்சரோடு முந்நூறு கஜம் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

போன வருடம் ஒரு தூணைத் தள்ளிவைத்து வாசலை அகலமாக்கச் சொல்லி மனு எழுதினார்கள். ஐந்து வீடுகள் கையெழுத்துப் போட்டன. ஆறாவதான அப்பா வீடு மட்டும் போடவில்லை. சிரில் ஹக்வேல், முப்பது வருடம் இந்த மதிலைப் பழுதுபார்த்த கொத்தனார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்.

"ஆம்புலன்ஸ் எப்படிப்பா வரும்?" என்று அன்றே கேட்டாள் அவிஸ்.

"வாசல்ல நிக்கட்டும். நான் நடந்து போய் ஏறிக்கிறேன்."

அம்மா டீ ஊற்றினாள். கொத்தனாரே வேண்டாம் என்கிறாரே என்று எஸ்டேட்டில் மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இன்று எஸ்டேட் மானேஜர் லாத்பரி கறுப்பு டையோடு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு, ஹக்வேல். நல்லவேளை, ஆம்புலன்ஸ்காரன் அவசரத்துல தூண்ல மோதாம விட்டான்."

அப்பா தலையாட்டினார். மூன்று நாளாக அவிஸ் காத்திருப்பது ஒரே ஒரு சொல்லுக்கு. தப்புப் பண்ணிட்டேன் என்று அவர் சொன்னால் போதும், கட்டிப்பிடித்து அழுதுவிடுவாள்.

வீட்டிலிருந்து அம்மாவின் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். மழைச் சேற்றில் முன்னால் வந்தவருக்குக் கால் வழுக்கியது. பெட்டியின் பித்தளைக் கைப்பிடி தூணில் கிறீச்சென்று உரசியது.

"பாத்து, பாத்து!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்பா விறுவிறுவென்று முன்னே போனார். அவர் நனையாமலிருக்கக் குடையைப் பிடித்தபடி அவிஸும் கூடவே ஓடினாள். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. கல்லைத் தடவினார். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பித்தளை உரசிய கோட்டைத் தேய்த்தார்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகல," என்றார்.

அவிஸ் குடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.