நயினாதீவிலை நான் சொன்ன ஏற்புரை

புத்தகம் எழுதிறது ஒரு கரைச்சல் எண்டால் அதை வெளியிடுறது ஒம்பது கரைச்சல். இதை நான் எந்தச் சபையிலையும் எழும்பி நிண்டு சொல்லுவன்.

என்ரை சிறுகதைத் தொகுதி வந்தது எழுபத்திரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலை ஒரு சின்ன அச்சுக்கூடத்திலை அடிச்சது. வேலணையிலை எங்கடை வீட்டு விறாந்தையிலை கட்டுக் கட்டாய் வந்து இறங்கின உடனை எனக்குப் பிடிபடாத புளுகம், சந்தோசம். ஒண்டை எடுத்து மணந்து பார்த்தன். குசினிக்குள்ளை அடுப்பிலை சோறு அடிப்பிடிச்சது கூடத் தெரியேல்லை.

ஆனால் ஊர்வாய் இருக்கே! பேப்பரிலை என்ரை கதையள் வரத் தொடங்கின நாளிலையிருந்து வேலணை முழுக்க ஒரே பேச்சு. “உதெல்லாம் மாஸ்டர் எழுதிப்போட்டு மனிசியின்ரை பேரிலை அனுப்புறார். பொம்பிளைப் பேரெண்டால் கெதியாய்ப் போடுவினம்.” மாஸ்டர் எண்டது இவர், என்ரை மனிசன். பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறவர். ஆரும் நேரிலை வந்து, “மாஸ்டர், போன கிழமைக் கதை அந்தமாதிரி” எண்டு சொன்னால் இவர் ஓம் எண்டும் சொல்லார், இல்லையெண்டும் சொல்லார். கொடுப்புக்குள்ளை சிரிச்சுக்கொண்டு சால்வைத் தலைப்பாலை கண்ணாடியைத் துடைப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு விசர் தலைக்கேறும்.

“இஞ்சாருங்கோ, அது என்ரை மனிசி எழுதினதெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாயிலை இருக்கிற வெத்திலை விழுந்திடுமோ?” எண்டு ஒருநாள் கேட்டனான்.

“சனம் என்னவும் கதைக்கும். நீர் ஏன் உதுக்கெல்லாம் மினைக்கெடுறீர்?” எண்டார்.

அண்டைக்கு முடிவெடுத்தன். எனக்குப் பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம். நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னாலை ஏறி நிண்டு என்ரை கதையை என்ரை வாயாலை நான் சொல்ல வேணும். அதுக்குப் பிறகு மாஸ்டர் எழுதினது எண்டு எவனும் சொல்லக் கூடாது. இந்த வெளியீட்டு விழா எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒண்டுக்காகத்தான்.

விழா வைக்க முன்வந்தது நான் பிறந்த ஊர், நயினாதீவு. அங்கத்தை வாசிகசாலைச் செயலாளர் தில்லைநாதன் ஓடியாடித் திரியிற ஆள். வந்து கதிரையிலை இருக்க முந்தியே கேட்டார்: “அக்கா, முதற்பிரதி ஆர் வாங்கிறது?”

எங்கடை பக்கத்திலை முதற்பிரதி வாங்க ஒரு முதலாளி கிடைக்காமல் புத்தகம் வீட்டு வாசல் படலை தாண்டாது. மற்றவை ஒரு புத்தகத்தை விலைக்கு வாங்குவினம். முதலாளி மேடையிலை வைச்சு, காசு போட்ட என்வலப்பைத் தந்து வாங்குவார், கைதட்டும் வாங்குவார். தெற்கிலை பெரிய கடை வைச்சிருக்கிற கனகசபை முதலாளி அம்மன் கோயில் நேர்த்திக்கு நயினாதீவுக்கு வாறார் எண்டு கேள்விப்பட்டு, விழா நாளை அவர் வாற நாளிலை வைச்சம். நல்லநாள் பார்த்தது கூட அதுக்குப் பிறகுதான்.

பிறகு பேச்சாளர்மார். ஒருத்தரைக் கேட்டால் அவரோடை கோவமாயிருக்கிற மற்றவரையும் கேக்க வேணும், இல்லாட்டில் அவர் விழாவுக்கும் வரமாட்டார், எங்கடை வீட்டுச் செத்தவீட்டுக்கும் வரமாட்டார். அப்பிடியே தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை எண்டு நீண்டுகொண்டு போச்சுது. கடைசியிலை கரம்பொன் பண்டிதர் ஆழ்வாப்பிள்ளையின்ரை ஆய்வுரை. அதுக்கும் கீழை, நோட்டீசின்ரை அடியிலை, அச்சுக்கூடத்தின்ரை பேரை இடிச்சுக்கொண்டு, என்ரை ஏற்புரை.

“தம்பி, என்னை முதல்லை விடுமன்” எண்டன். “கடைசி வள்ளத்துக்கு நேரமாச்செண்டு சனம் எழும்பி ஓடிப்போம்.”

தில்லைநாதன் நான் ஏதோ கோயிலுக்குள்ளை செருப்போடை போன மாதிரிப் பார்த்தார். “என்னக்கா கதைக்கிறியள்? எல்லாரும் பாராட்டினால்தானே நீங்கள் ஏற்கலாம்? பாராட்ட முந்தி எதை ஏற்கிறது?”

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள்ளை போனன்.

நோட்டீஸ் றோஸ் நிறத்திலை வந்துது. பார்த்தால், ‘திருமதி தியாகலிங்கம் எழுதிய’ எண்டு கிடக்குது. மனிசன்ரை பேர் கொட்டை எழுத்திலை. என்ரை பேரைக் காணேல்லை! “மரியாதைக்குத்தானே அக்கா” எண்டார் தில்லைநாதன். மரியாதையாம்! முதல்நாளே நாங்கள் நயினாதீவுக்குப் போயிட்டம். விழா நாளண்டு விடியக்காலமை ஒலிபெருக்கியை மாட்டுவண்டிலிலை கட்டி ஊர் சுத்தினவை. அதிலையும், “தியாகலிங்கம் மாஸ்டர் அவர்களின் அருமைப் பாரியார் எழுதிய” எண்டு தொண்டை கிழியக் கத்திச்சினம். இவர் நல்ல வேட்டி உடுத்து, திருநீறும் பூசி, அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சார்.

பின்னேரம் வாசிகசாலை மண்டபம் நிறைஞ்சு போச்சு. வேலணை, புங்குடுதீவு எண்டு கடலுக்கு அங்காலையிருந்தும் சனம் வந்தது. முன்வரிசையிலை பொம்பிளையள் பாய் விரிச்சு இருந்தினம். வாசலிலை ஒரு மேசை போட்டு எங்கடை பக்கத்து வீட்டு அன்னபூரணம் அக்கா புத்தகத்தை அடுக்கி வைச்சுக்கொண்டு, போறவாறவையை வெருட்டாத குறையாய் வாங்கச் சொன்னா. ஆரும் வாங்கேல்லை. போகேக்கை வாங்கிறம் எண்டு சொல்லிச்சினம்.

தலைவர் தன்ரை பாட்டியின்ரை பாட்டியிலையிருந்து தொடங்கினார். ஆசியுரைக்காரர் இவரைப் புகழ்ந்தார். வாழ்த்துரைக்காரர் எல்லாரும் ஒருத்தர் மாறி ஒருத்தர், “மாஸ்டர் பக்கத்திலை இருக்கேக்கை தமிழுக்கு என்ன குறை” எண்டு இவரைப் புகழ்ந்தினம். கனகசபை முதலாளி என்வலப்பைத் தந்து முதற்பிரதியை வாங்கினார். பொன்னாடையைக் கொண்டுவந்த மனிசன் என்னைத் தாண்டிப் போய் இவருக்குப் போட்டார்! இவரும் குனிஞ்சு வாங்கினார். வாங்கிப்போட்டு என்ரை பக்கம் பார்க்காமல் கண்ணாடியைத் துடைச்சார். நான் மடியிலை புத்தகத்தை வைச்சு, பிடிச்ச பிடியிலை அட்டை மடங்கிப் போச்சு.

பிறகு பண்டிதர் எழும்பினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசிற ஆள். சங்க காலத்திலை தொடங்கிச் சோழர் காலத்துக்கு வந்து சேர, வள்ளக்காரன் தம்பு வாசலிலை நிண்டு சத்தம் போட்டான்.

“சோளகக் காத்துப் பிலக்குது, கடல் எழும்பப் போகுது! பொழுதுபட முந்தி வெளிக்கிட வேணும். வாறவை வாருங்கோ, இல்லாட்டில் இண்டைக்கு இஞ்சைதான் படுக்கை!”

அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கினவை, செருப்பைத் தேடினவை, ஒருத்தரின்ரை செருப்பை மற்றவர் போட்டுக்கொண்டு ஓடினவை. வெளியூர்ச் சனம் எழும்ப உள்ளூர்ச் சனமும் விளக்கு வைக்கிற நேரமெண்டு எழும்பிச்சுது. தில்லைநாதன் மெல்லமாய்ப் பண்டிதரின்ரை சால்வையை இழுத்தார். பண்டிதர் அதை உற்சாகப்படுத்திறதெண்டு நினைச்சு நாயக்கர் காலத்துக்குள்ளை இறங்கினார். கண் திறக்கேல்லை. மண்டபத்திலை எங்களைத் தவிர மிச்சம் அவரும் தில்லைநாதனும் கதிரையளும்தான்.

என்ரை ஏற்புரை அந்தக் கதிரையளுக்கோ? எனக்கு அழுகை வந்திட்டுது. இவர் வந்து, “வாரும், வள்ளம் விடப்போறாங்கள்” எண்டார், பொன்னாடையோடை.

வள்ளத்துக்குள்ளை அடைச்சு வைச்ச மாதிரிச் சனம். நடுவிலை கனகசபை முதலாளி முதற்பிரதியை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தார். அவருக்கு யாழ்ப்பாணத்திலை அலுவல். அன்னபூரணம் அக்கா விக்காத புத்தகப் பையோடை என்னை ஒட்டிக்கொண்டு பக்கத்திலை இருந்தா. எல்லாரும் ஏறியாச்சு, தம்பு கயிறும் கையுமாய் நிக்கிறான். வள்ளம் வெளிக்கிடேல்லை.

“என்ன தம்பு, பொழுதுபடப் போகுதெண்டு எங்களைக் கலைச்சுப்போட்டு இப்ப ஏன் நிக்கிறாய்?” எண்டு சனம் கேட்டுது.

“பண்டிதர் ஐயா வரேல்லையே! விட்டிட்டுப் போனால் அடுத்த கூட்டத்திலை என்னையெல்லோ ஆய்வு செய்வார்” எண்டான் தம்பு.

சனம் சிரிச்சுது, பிறகு புறுபுறுத்துது. அப்பதான் அன்னபூரணம் அக்கா என்ரை தோளிலை இடிச்சா.

“எடி சறோ, இப்ப சொல்லன் உன்ரை ஏற்புரையை. ஒருத்தரும் எழும்பி ஓடேலாது. சுத்தவரக் கடல், இதுதான் கடைசி வள்ளம்.”

நான் எழும்பினன். வள்ளம் ஆடிச்சுது, அணியத்திலை, முன்பக்கத்துக் கயிறைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஏற்புரையெண்டு வீட்டிலை பாடமாக்கினதெல்லாம் காத்தோடை போச்சு. நேரை புத்தகத்தை விரிச்சுக் கதையை வாசிக்கத் தொடங்கினன்.

அது சீதேவி எண்டொரு பொம்பிளையின்ரை கதை. புருசன் தெற்கிலை கடை வைச்சிருக்கிறான். வருசத்திலை ஒருக்கால் திருவிழாவுக்கு வருவான், சீலை கொண்டருவான், போவான். ஒருநாள் விடியக்காலமை சீதேவி வீட்டு முத்தத்தைக் கூட்டிக்கொண்டு நிக்கேக்கை படலையிலை ஒரு பொம்பிளை. தெற்கத்திச் சிங்களப் பொம்பிளை, உடுப்பிலையே தெரியும். கையிலை ஒரு பிள்ளை. அரைகுறைத் தமிழிலை, “இது முதலாளியின்ரை வீடோ?” எண்டு கேக்கிறாள். பிள்ளை திரும்பிப் பார்க்குது. சீதேவியின்ரை புருசனின்ரை அதே மூக்கு.

கடை முதலாளிமாரின்ரை பெண்சாதிமார் நாலைஞ்சு பேர் அதுக்குள்ளை இருந்தவை. அவை கதையையும் கேட்டு, கனகசபை முதலாளியையும் ஒருக்கால் திரும்பிப் பார்த்தினம். முதலாளி செருமினார். வெயில் போனாப்பிறகும் அவருக்கு வேர்த்தது.

“விளக்குமாறைக் கீழை போட்டாள் சீதேவி,” எண்டு வாசிச்சன். “படலைக் கொளுக்கியிலை கையை வைச்சாள். அங்காலை பிள்ளை சிணுங்கிச்சுது. இவள் கொளுக்கியைப் பிடிச்சபடி...”

அந்த நேரம் பார்த்துக் கரையிலை, “பொறுங்கோ, பொறுங்கோ!” எண்டு பண்டிதர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலை தில்லைநாதன் குடையோடை. தம்பு ஆளைக் கையிலை பிடிச்சு ஏத்தினான், கயிறை அவிட்டான், மிசினிலை கையை வைச்சான்.

“தம்பு! நிப்பாட்டடா மிசினை!”

கத்தினது இவர். பொன்னாடை தோளிலையிருந்து நழுவிக் காலுக்கை விழுந்ததும் தெரியாமல் எழும்பி நிக்கிறார். “அந்த மனிசி படலையைத் திறந்தவளோ இல்லையோ? அதைக் கேட்டுப்போட்டு வெளிக்கிடுவம்!”

எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தினம். வாழ்த்துரைக்காரர் பார்த்தினம். முதலாளி பார்த்தார்.

அன்னபூரணம் அக்காதான் கேட்டா. “ஏன் மாஸ்டர், உங்களுக்குத் தெரியாதோ?”

இவர் கண்ணாடியைக் கழட்டினார். துடைக்கச் சால்வையில்லை, பொன்னாடையும் காலுக்கை. வள்ளம் முழுக்க ஒரு சிரிப்பு எழும்பிச்சுது பாருங்கோ! கரையிலை நிண்ட தில்லைநாதனும் சிரிச்சார். என்னத்துக்கெண்டு தெரியாமல் பண்டிதரும் சிரிச்சார்.

எனக்கு வெற்றி. ஓம், நான் கேட்டது கிடைச்சுது. இனி எவனும் மாஸ்டர் எழுதினதெண்டு சொல்லான். ஆனால் நெஞ்சுக்குள்ளை ஊசி குத்தின மாதிரியும் இருந்தது. இந்தக் கதை புத்தகத்துக்கெண்டு புதுசாய் எழுதினது. கையெழுத்துப் பிரதி இவரின்ரை மேசையிலை மாசக்கணக்காய்க் கிடந்தது. “பார்த்தனியளோ?” எண்டு கேட்டதுக்கு, “நல்லாயிருக்கு” எண்டும் சொன்ன மனிசன். ஒரு வரி வாசிக்கேல்லை. எழுதினவரெண்டு ஊர் புகழ்ந்த ஆள் வாசிச்சவர் கூட இல்லை!

“சறோ, சொல்லடி, திறந்தவளோ?” எண்டு பொம்பிளையள் விடாமல் ஆய்க்கினை குடுத்தினம்.

நான் புத்தகத்தை மூடினன். “அக்கா, பையைத் திறவுங்கோ. மிச்சம் அதுக்குள்ளை இருக்கு.”

மண்டபத்திலை ஒண்டும் போகாத புத்தகம் வள்ளத்திலை பறந்துது. மிசின் சத்தத்துக்குள்ளை, உப்புத்தண்ணி தெறிக்க, முழங்காலிலை வைச்சு வைச்சுக் கையெழுத்துப் போட்டன். ஒவ்வொருத்தரிட்டையும் பேர் கேட்டுக் கேட்டு எழுதினன்: மீனாம்பிகைக்கு, நாகபூசணிக்கு, பண்டிதர் ஐயாவுக்கு. முதலாளி தன்ரை பிரதியை மட்டும் சால்வைக்குள்ளை மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு இருந்தார்.

எல்லாரும் முடிய ஒரு புத்தகம் என்ரை முகத்துக்கு முன்னாலை நீண்டுது. நிமிர்ந்து பார்த்தன். இவர்.

“கையெழுத்து வையும்” எண்டார், மெல்லமாய்.

எங்கடை பக்கத்திலை பெண்சாதி புருசன்ரை பேரை வாயாலை சொல்லமாட்டாள். எழுதிறதுமில்லை. கலியாணம் கட்டின நாளிலையிருந்து நானும் ‘இஞ்சாருங்கோ’தான். ஆனால் அண்டைக்கு எனக்கு ஒரு துணிவு வந்திட்டுது.

“ஆருக்கெண்டு எழுத?” எண்டு கேட்டன். “பேரைச் சொல்லுங்கோ.”

அன்னபூரணம் அக்கா சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்தினா. இவர் என்னைப் பார்த்தார். பகிடியோ மெய்யோ எண்டு தேடினார் போலை. நான் பேனையோடை இருந்தன்.

“தியாகலிங்கம்” எண்டார், வகுப்பிலை எழும்பி நிண்டு சொல்லுற பொடியன் மாதிரி.

ஆறுதலாய், எழுத்துக் குழம்பாமல், தியாகலிங்கத்துக்கு எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தன். வாங்கி, அதிலையே நிண்டபடி விரிச்சார்.

குறிகட்டுவான் துறையிலை இறங்கி பஸ்ஸிலை ஏறினம். பஸ்ஸுக்குள்ளை ஒரு மங்கல் லைற். அதுக்கு நேர்கீழை போய் இருந்தார், தலை நிமிரேல்லை. வேலணைச் சந்தி வந்தது. நான் இறங்கினன், அன்னபூரணம் அக்கா இறங்கினா. இவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“எடி, மாஸ்டர் இறங்கேல்லை! கூப்பிடு, கூப்பிடு!” எண்டு அக்கா பதறினா.

பஸ் இவரையும் கொண்டு யாழ்ப்பாணம் பக்கம் வெளிக்கிட்டுது. நான் கூப்பிடேல்லை. வாசிக்கட்டும் எண்டு விட்டிட்டன்.