விமலகுமாரி வீட்டுப் பிடியரிசி

சனிக்கிழமை மதியம் சாய்ந்ததும் ஆனந்தபாய் சும்மாட்டின் மேல் ஓலைப்பெட்டியை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கிவிடுவாள். வேங்கைவிளைச் சபையின் பிடியரிசி அவள் பொறுப்பு. சபைக்காரர் வீடுகளில் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அதற்கென்றே வைத்திருக்கும் கலயத்தில் போடுவார்கள். அது கர்த்தருடைய பங்கு. வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஆனந்தபாய் வீடு வீடாகப் போய் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொட்டுவாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆனால் கலயத்தை வாசிப்பாள், அடேயப்பா! கலயம் பாதியில் நின்றால் அந்த வீட்டில் வாரம் முழுக்க மரச்சீனிக்கிழங்குதான் வெந்திருக்கிறது. அரிசியில் கல்லும் உமியும் கிடந்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, புடைக்க ஆளில்லை. கலயம் கனத்தால் விருந்தாள் வந்திருக்கிறது. பெண் பார்க்க வந்த கூட்டமா, புருஷனோடு பிணங்கி வந்த மகளா என்பதை அடுத்த வீட்டுப் படி ஏறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது.

அந்த ஆவணி மாதம் ஊரே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லைப் போராட்டம் சூடேறியிருந்த நேரம். திருவனந்தபுரத்து ஆட்சியில் கிடந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று தெற்கே ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கி வெடித்து, ஆட்கள் செத்து, அதற்குப் பிறகு போலீஸ் ஊர் ஊராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கள்ளிக்காட்டுச் சந்தியில் தையல் கடை வைத்திருந்த ஆனந்தபாயின் ஒரே மகன் சத்தியராஜ், பாறசாலை ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன். போனவன் திரும்பவில்லை. பிடிபட்டானா, காட்டில் கிடக்கிறானா, உயிரோடுதான் இருக்கிறானா, ஒரு தகவலும் இல்லை. போலீஸ் மட்டும் அவளுடைய வீட்டுக்குத் தவறாமல் வந்து, பானையையும் பாயையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றுக்கோளாறு. புழுங்கலரிசிச் சோறு தின்றால் சுருண்டு படுத்துவிடுவான். அவனுக்கு எவள் பார்த்துப் பக்குவமாய்க் கஞ்சி வைத்துக் கொடுப்பாள் என்று நினைத்து நினைத்து அழுவாள். அழுது முடித்ததும் கோபம் வரும். கொடி பிடித்தவன் பெயர் போலீசுக்கு எப்படித் தெரிந்தது? இந்த ஊரில் எவனோ சொல்லியிருக்கிறான். எவன்? அந்தக் கேள்வியையும் பெட்டியோடு சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் அவள் வீடு வீடாகப் போனாள்.

வழக்கம்போல விமலகுமாரி வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து விளைநிலம். நடுவில் ஒரு வருக்கப்பலா நின்றது. அது யாருடைய மண்ணில் நிற்கிறது என்பதில் நாட்டுக்கு எல்லைத் தகராறு வருமுன்பே அவர்களுக்குள் வந்துவிட்டது. வெட்டிய சக்கைப்பழத்தை அப்படியே வேலிக்கு மேலே வீசி எறிகிற அளவுக்குப் போன சண்டை. அதற்குப் பிறகு பிடியரிசி விஷயம் தவிர வேறு பேச்சு இல்லை. விமலகுமாரியின் புருஷன் ரெத்தினதாஸ் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவன். "தமிழ்நாடாட்டு இருந்தாலும் செரி, கொச்சியாட்டு இருந்தாலும் செரி, நமக்குக் காலத்த எழும்பி பாலு வெட்டணும்" என்று சொல்லி எந்த ஊர்வலத்துக்கும் போகாதவன். அதனால் அவன்மேல் ஆனந்தபாய்க்கு ஏற்கெனவே ஒரு கண் உண்டு.

"கலயம்" என்றாள் வாசலில் நின்று.

விமலகுமாரி கொண்டுவந்து நீட்டினாள். கலயத்தை வாங்கிய உடனே ஆனந்தபாயின் புருவம் ஏறியது. கனம். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் உள்ள வீட்டுக்கு இவ்வளவு கனம் கூடாது. பெட்டியில் கவிழ்த்தாள். சிவப்புப் புழுங்கலரிசிக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பச்சரிசி!

"இது என்னத்துக்கு எட்டி பச்சரிசி?"

"அது... ஆப்பத்துக்கு அரச்சேன்."

"ஆப்பமா? கிறிஸ்மஸ் இப்பமே வந்துட்டா?"

"அவியளுக்கு ஆசையாட்டு இருந்து." விமலகுமாரி கலயத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

அவள் தோளுக்கு மேலாக ஆனந்தபாய் எட்டிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மூன்று. உள்ளறைக் கதவு, நல்ல பட்டப்பகலில், சாத்தியிருந்தது. இன்னொன்றும் மனதில் தைத்தது. அன்று ஏறிய வீட்டிலெல்லாம், "மகனப் பற்றி வல்ல வெவரமும் உண்டா அக்கா?" என்று கேட்டார்கள். இவள் மட்டும் கேட்கவில்லை. சண்டை இருந்தால் இருக்கட்டும். பெற்றவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காதவளுக்கு நெஞ்சா இருக்கிறது, பாறையா?

பச்சரிசியைப் பார்த்த உடனே ஆனந்தபாய்க்கு வேறொன்று தோன்றியிருக்க வேண்டும். எத்தனை வருஷம் அவள் கையாலேயே பச்சரிசிக் கஞ்சி வைத்திருக்கிறாள்! தோன்றவில்லையே. சந்தேகம் கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டால் எதிரில் நிற்பது என்ன என்று தெரியுமா? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: மூன்றாவது ஆள் ஒருத்தன் உள்ளே இருக்கிறான். ஆப்பம் சுட்டுப் போட்டு உபசரிக்கவேண்டிய ஆள். மறைந்திருக்கிற ஆள். சரிதான், திருவனந்தபுரத்திலிருந்து வந்த போலீஸ் ஒற்றன்! ஊரார் பெயரை எழுதிக் கொடுக்கிறவன். தன் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவன் இந்த வீட்டில்தான் தின்று கொழுக்கிறான்.

பாதையோரத்து வீட்டு விலாசினி சபைக்காரி இல்லை, பிடியரிசி தரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் எல்லாச் சனிக்கிழமையும் அங்கே பெட்டியை இறக்கிவைப்பது ஆனந்தபாயின் வழக்கம். அங்கே அவள் வாங்குவதில்லை, கொடுப்பதோடு சரி.

"ஒருத்தருகிட்டயும் பறயாத, கேட்டியா" என்று ஆரம்பித்தாள். "விமலகுமாரிக்க வீட்டுல ஒரு ஆளு உண்டு. பச்சரிசி திங்கற ஆளு. போலீசுக்க ஒற்றனாக்கும்."

"எக்க பகவதியே!" விலாசினி நெஞ்சில் கை வைத்தாள். "நான் ஆருகிட்ட பறயப் போறேன்?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனைத் தவிர. புருஷன் யாரிடமும் சொல்லவில்லை, தங்கப்பனின் சாயாக்கடையைத் தவிர. தங்கப்பன் சாயா ஆற்றிக்கொண்டே, "அப்போ ரெத்தினதாசு அண்ணன் அவியளுக்க ஆளாக்கும், இல்லியா?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். விளக்கு வைப்பதற்குள் வேங்கைவிளையில் தெரியாத காது இல்லை.

மறுநாள் ஆலயத்தில் ரெத்தினதாஸ் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் விமலகுமாரியைச் சுற்றிப் பாய் காலியாகக் கிடந்தது. உபதேசியார் ஞானையன் அயலானை நேசிப்பதைப் பற்றி நீளமாகப் பேசினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனந்தபாய்க்கு அன்றுதான் பல நாளைக்குப் பிறகு மனசு கொஞ்சம் ஆறியது. தன் பிள்ளைக்காக ஏதோ செய்துவிட்டோம் என்று இருந்தது.

ஆராதனை முடிந்து இறங்கும்போது பாதையில் விமலகுமாரி எதிரே வந்து நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, உனக்க காலப் பிடிச்சுக் கேக்கேன். எனக்க வீட்டுக் காரியத்த இனி ஒருத்தருகிட்டயும் பேசாத."

"பயம் வந்துட்டா? வரட்டு, நல்லா வரட்டு. கர்த்தருக்க அரிசியில கைய வச்சுட்டுப் பொய் பறஞ்சவளில்லியா நீ!"

விமலகுமாரி வாயைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பின்னாலிருந்து நாலு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். நடிப்பு, முழு நடிப்பு என்று ஆனந்தபாய் காறித் துப்பினாள்.

சாயாக்கடைப் பேச்சுக்கு வேலி உண்டா? அங்கே சாயா குடிக்க வந்த ஒரு போலீஸ்காரர் காதிலும் அது விழுந்தது. நம்முடைய ஆள் ஒருத்தன் வேங்கைவிளையில் தங்கியிருக்கிறானாமே என்று அவர் போய் ஸ்டேஷனில் கேட்டார். அப்படி யாரையும் அனுப்பவில்லை என்பது ஸ்டேஷனுக்குத் தெரியாதா? ஒற்றன் இல்லையென்றால், கதவைச் சாத்திக்கொண்டு பச்சரிசி தின்கிற அந்த ஆள் யார்?

திங்கட்கிழமை காலை ஜீப் மலையடிவாரத்தில் நின்றது. போலீஸ்காரர்கள் நடந்து ஏறினார்கள். ஆனந்தபாய் வழக்கம்போலத் தன் வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று வாசலில் நின்றாள். அவர்கள் பலாமரத்தைத் தாண்டி விமலகுமாரி வீட்டுக்குள் நுழைந்தார்கள். குட்டு உடையப் போகிறது, தங்கள் ஆளைக் கூட்டிப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவிழ்ந்த முடியைக் கட்டிக்கொண்டே ஓடினாள். ஊரும் அவள் பின்னால் ஓடியது.

உள்ளறைக் கதவு உடையும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. பிறகு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள், போர்வை சுற்றிய ஒருத்தனை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வயிற்றை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான் சத்தியராஜ்.

ஆனந்தபாய்க்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் ஒரு நொடி பொங்கியது. அடுத்த நொடி அந்தப் பச்சரிசியும், விலாசினியிடம் தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"மக்கா!" என்று பாய்ந்தாள். ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

சத்தியராஜ் அவளைப் பார்த்தான். யார் சொல்லிப் போலீஸ் வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. "அழாத அம்மா, போயிட்டு வாறேன்" என்றான். அவனை ஒளித்துவைத்ததற்காக ரெத்தினதாசையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது. விலாசினி எப்போதோ போய்விட்டாள். ஆனந்தபாய் விமலகுமாரியின் முற்றத்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த பறஞ்சிருக்கப்பிடாதா எட்டி?"

"பறயணும்ணு எத்தன மட்டம் வாயெடுத்தேன்!" விமலகுமாரி உடைந்துபோய் அழுதாள். "அவனாக்கும் சத்தியம் வாங்கினது. நம்ம ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாததுனால இஞ்ச தேடமாட்டாவுண்ணு நெனச்சு வந்தான். அம்மைக்கிட்ட மட்டும் சொல்லாதிய மாமி, அவளுக்கு வாயி நிக்காதுண்ணான்."

ஆனந்தபாய் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உனக்கு அரிசியக் கண்டா தெரிஞ்சிடும்ணு பயந்துதான் இருந்தேன்" என்றாள் விமலகுமாரி. "அந்தப் பிடிய எடுக்காம விட்டுருக்கலாம். கலயத்துல போடாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா கர்த்தருக்குள்ளத எடுக்காம ஒலையில போட எனக்குக் கை வரல்ல அக்கா. அவனுக்கு நல்லபடியா ஒரு வழி பொறக்கணும்ணுதான் எடுத்தேன்."

அந்தச் சனிக்கிழமை பிடியரிசிக்கு யாரும் வரவில்லை. சபைக்காரர் வீட்டுக் கலயங்கள் நிறைந்தபடியே இருந்தன. ஆனந்தபாய் அடுப்புப் பற்றவைக்காமல், கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தாள். பலாமரத்தடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. சக்கைச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக விமலகுமாரி அந்த வேலியைத் தாண்டி வந்து நின்றாள். ஒரு கையில் அவள் வீட்டுக் கலயம், மறுகையில் துணியில் முடிந்த பச்சரிசி.

"எழும்பு. இன்னிக்கு ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் பாக்க விடுவாவளாம், உபதேசியாரு கேட்டுட்டு வந்தாரு. அங்க கொடுக்கத அவன் தின்ன மாட்டான். நீயே கஞ்சி வச்சு எடு. எனக்க மாப்பிளைக்கு உள்ளத நான் வடிச்சுட்டேன்."

ஆனந்தபாயால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையைப் பிடிக்கப் போனாள். விமலகுமாரி முடிச்சை அந்தக் கையில் வைத்துவிட்டு அடுப்பை ஊதக் குனிந்துகொண்டாள். உலை கொதித்தது. ஆனந்தபாய் பச்சரிசியை முறத்தில் கொட்டினாள். பழக்கதோஷத்தில் கை ஒரு பிடி அள்ளிவிட்டது. அள்ளிய கை அப்படியே நின்றது. தன் வீட்டுக் கலயத்தை எடுத்து அதில் அந்தப் பிடியைப் போட்டபோது கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து விலாசினி தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தாள்.

"ஆனந்தக்கா... எங்க போறிய? வல்ல வெவரமும் உண்டா?"

விமலகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். ஆனந்தபாய் சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"ஒண்ணும் இல்ல பிள்ளே" என்றாள்.