பதினோரு பேருக்கு ஒரு கோப்பை

நாரின் ஆறு என்றைக்காவது வற்றிப்போகலாம். சுற்றியிருக்கும் மலைகள் கரைந்துபோகலாம். சத்தார்குலின் ஞாபகத்திலிருந்து மட்டும் ஒரு பெயர்கூட உதிராது. இது நாரின் நகரம் முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை. நகரத்துக்கு இதை எடுத்துச் சொன்னவர் சத்தார்குல்.

அவரிடம் ஆதாரமும் இருந்தது. ஆப்கன் போரிலிருந்து படை திரும்பிய பிப்ரவரி பதினைந்தாம் தேதி, ஆண்டுதோறும் பழைய சிப்பாய்கள் ரைகானின் உணவகத்தில் கூடுவார்கள். முதல் கோப்பை வோட்கா, உயிரோடு திரும்பியதற்கு. இரண்டாவது, வீட்டில் காத்திருந்தவர்களுக்கு. மூன்றாவது, வராதவர்களுக்கு. மூன்றாவதற்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கோப்பைகளை இடித்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் குடித்து முடித்து உட்காரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் காவலர் சத்தார்குல்தான். ஒருமுறை தும்மியவனையே முறைத்திருக்கிறார்.

கோப்பையை எடுப்பதற்கு முன்னால், அந்த வட்டாரத்திலிருந்து போய்த் திரும்பாத பதினோரு பேரின் பெயர்களையும் அவர் எதையும் பார்க்காமல் சொல்வார். வருஷம் தவறியதில்லை. வரிசையும் மாறியதில்லை.

இந்த வருஷம் காலையிலேயே எதுவும் சரியாக இல்லை. பள்ளிக்கூடத்துச் சரித்திர டீச்சர் அவரையும் தெமிர்கானையும் வகுப்புக்கு அழைத்திருந்தாள். இருவரும் ஒரே படைப்பிரிவு. சத்தார்குல் கவச வண்டி ஓட்டினார், தெமிர்கான் அதன் மேல் உட்கார்ந்து குளிரைத் திட்டினார். பாடப் புத்தகத்தில் அவர்களுடைய போருக்கு ஆறு வரி. எதிர்ப் பக்கம் முழுக்க மெல்லிய ரோமம் தரும் செம்மறியாட்டின் படம். ஆடு கம்பீரமாக இருந்தது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி மரியாதையாக எழுந்தாள். "தாத்தா, நீங்க ஜெர்மன்காரங்களோட சண்டை போட்டப்போ ரொம்பக் குளிரா இருந்துச்சா?"

"எனக்கு இப்பத்தாம்மா அறுபது ஆகுது" என்றார் சத்தார்குல்.

"பரவாயில்ல தாத்தா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் உணவகத்துக்கு வந்தபோதும் அந்தப் 'பரவாயில்ல' அவருடைய தொப்பிக்குள் உட்கார்ந்திருந்தது. ரைகான் வாசலிலேயே நின்று ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் படைப்பிரிவு வாரியாக உட்காருவார்கள். இப்போது நோய் வாரியாக.

"சக்கரை வியாதிக்காரங்க இந்தப் பக்கம். பிரஷர் எல்லாம் ஜன்னலோரம். அண்ணே, நீங்க?"

"நான் ரெண்டுமில்ல" என்றார் சத்தார்குல்.

"அப்ப டாக்டர்கிட்டயே போகலைன்னு அர்த்தம். நடுவுல உட்காருங்க."

ஒரு காலத்தில் நாற்பது பேர் நெருக்கியடித்த மேஜையில் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேருக்குக் கோப்பையில் உலர்பழச் சாறு. மேஜையின் தலைப்பக்கம் யாரும் தொடாத ஒரு வோட்கா கோப்பை; அதன்மேல் ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டி. பதினோரு பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான்.

பக்கத்தில் உட்கார்ந்த தெமிர்கான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார்.

"என்னடா அது, மளிகைச் சீட்டா?"

"நம்ம பசங்க பேரு. எழுதி வெச்சிருக்கேன். இப்பல்லாம் நழுவுதுடா."

"பட்டியலைப் பாத்துப் படிக்க அவனுங்க என்ன ரேஷன் ரொட்டிக்கு வரிசையில நின்னவனுங்களா? கண்ணாடி வேற. ஒரு தடியும் வாங்கிக்கோ, அந்த டீச்சர் உன்னையும் புத்தகத்துல போட்டுருவா. ஆட்டுக்குப் பக்கத்துல."

"போன மாசம் உன் குதிரையை அடுத்தவன் லாயத்துல தேடினது யாரு?"

"அது குதிரைக்கு ஞாபக மறதி."

தெமிர்கான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். முதல் கோப்பையும் இரண்டாவதும் போயின. சத்தார்குல் எழுந்தார். எல்லோரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவர் குரல் கணீரென்று பெயர்களைச் சொல்லி முடித்தது. கோப்பைகள் உயர்ந்தன, காலியாயின.

தெமிர்கான் குடிக்கவில்லை.

முழங்கால் வலியில் எப்போதும் முதலில் உட்காருகிறவர், நிறைந்த கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் குடிக்காமல் மற்றவர்கள் உட்கார முடியாது. சத்தார்குல் முறைத்தார். தெமிர்கான் அசையவில்லை. அவர் கண்கள் ரொட்டி மூடிய கோப்பையில் இருந்தன.

முதுகுக்குப் பின்னால் சத்தார்குலின் விரல்கள் எண்ண ஆரம்பித்தன. பத்து. முதலிலிருந்து எண்ணினார். பத்து. காதுமடல் சூடேறியது. விட்டுப்போனவனின் முகம் தெரிந்தது. வண்டியில் தனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பான், உடைந்த முன்பல், முழங்காலில் தாளம் போடுவான். பெயர் மட்டும் வரவில்லை. இத்தனை வருஷம் தானே காவல் காத்த சட்டம், இப்போது யாரையும் கேட்கவிடாமல் அவரையே நிற்கவைத்தது. போருக்காவது பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆறு வரி இருக்கிறது. அந்தப் பையனுக்கு இந்த மேஜையைத் தவிர வேறு இடமில்லை.

தெமிர்கான் பையிலிருந்த நோட்டைத் தொடவில்லை. ஜன்னலோரத்துக்குத் தள்ளிவைத்திருந்த சர்க்கரைக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். ஒரு கட்டியை எடுத்து, அந்தக் கறுப்பு ரொட்டியின்மேல் மெதுவாக வைத்தார்.

அந்தப் போரில், மலைப்பாதையில் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுகையில் சத்தார்குலின் தலை சாயும். உடனே வலப்பக்கத்திலிருந்து ஒரு கை அவர் வாயில் சர்க்கரைக் கட்டியைத் திணிக்கும். அம்மாவுக்கு என்று தன் பங்கைச் சேர்த்துவைத்தவன் அவன்; அதில் பாதி சத்தார்குலின் வாய்க்குள் போனது. அவன் சர்க்கரை இல்லாதிருந்தால், அவர்கள் வண்டி எத்தனையோ முறை பள்ளத்தில் கிடந்திருக்கும்.

"முகாஷ்" என்றார் சத்தார்குல்.

யாரும் முறைக்கவில்லை. தெமிர்கான் ஒரே மூச்சில் குடித்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள், முழங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சடக், சடக்கென்று சத்தமிட்டன.

"துப்பாக்கிச் சத்தம்னு நெனச்சேன்" என்றாள் ரைகான், இறைச்சித் தட்டோடு வந்தபடி.

சாப்பிட்டு முடித்து, நன்றிப் பிரார்த்தனையாகக் கைகளை ஏந்தி முகத்தில் வழித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சத்தார்குல் கிளம்பவில்லை. தெமிர்கானும் தொப்பியைத் தேடுவதுபோல் உட்கார்ந்திருந்தார். தொப்பி அவர் தலையில்தான் இருந்தது.

"அந்த நோட்டைக் கொடு."

"எதுக்கு? மளிகை வாங்கவா?"

"கொடுடா."

சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்துத் தரும்படி சத்தார்குல் ரைகானிடம் கேட்டார். பேனாவும் கேட்டார். நோட்டைக் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், எழுத்து தெளிவதற்குள் கையின் நீளம் முடிந்துபோனது. பிறகு, தெமிர்கானைப் பார்க்காமலேயே உள்ளங்கையை நீட்டினார். தெமிர்கான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதில் வைத்தார்.

தாளின் பின்பக்கத்தில் முதலில் முகாஷ் என்று எழுதினார்.

"அவன் ஏழாவதுடா" என்றார் தெமிர்கான். "வரிசை மாறுது."

"மாறட்டும். நீ அடுத்த பேரை நிதானமாச் சொல்லு."

"நோட்டு உன் கையில இருக்கு. கண்ணாடியும் உன் மூக்குல இருக்கு. நான் எதைப் பாத்துச் சொல்றது?"

சத்தார்குல் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.